வகுப்புக்கு ஒரு டீச்சர் கேட்கிறோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நடுப்பக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதற்குப் பெற்றோரின் ஆங்கில மோகமும் வெட்டி கௌரவமும்தான் காரணம் என்று எழுதியவர் ஒரேயடியாகத் தீர்ப்பு சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கட்டுரை முழுக்கத் தேடினேன், ஒரு பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று ஓர் இடத்திலாவது வருகிறதா என்று. வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டிப் போடுவதானால் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருப்பவள். படிப்பு பிளஸ் டூ. என் மகன் ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். போட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்த அம்மாக்களில் கையெழுத்துப் போட்டதும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது நான்தான். பதவி என்று வந்த பிறகு, கொடுத்த கையேட்டையெல்லாம் படித்தேன். கல்வி உரிமைச் சட்டத்தையும் வாங்கிப் படித்தேன். படித்த பிறகுதான் கோபமே வந்தது.

எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், ஆசிரியர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். இதை வெளியூரில் இருக்கும் என் அண்ணியிடம் சொன்னபோது, மீதி மூன்று பேர் எப்போது வருவார்கள் என்று கேட்டார். வரமாட்டார்கள். எங்கள் பள்ளியில் காலியிடமே கிடையாது. அனுமதிக்கப்பட்டதே இரண்டு பணியிடம்தான், இரண்டும் நிரம்பியிருக்கின்றன, அரசாங்கக் கணக்குப்படி எங்கள் பள்ளியில் எந்தக் குறையும் இல்லை!

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2009-ல் கொண்டுவந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரியிலேயே ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு வருகிறார்கள், அங்கே முதல் நிபந்தனையே "வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர்" என்பதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த உரிமை உண்டு, அ, ஆ படிக்க வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில்தான் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும் என்பது பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும். அட்டவணை எழுதியவர்கள் தலையை எண்ணினார்கள், வகுப்பை எண்ணவில்லை. 34 பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தால் ஓர் ஆசிரியர் போதும், சரி. அதே 34 பேர் ஐந்து வகுப்பில் ஆறும் ஏழுமாகப் பிரிந்து, ஐந்து விதமான புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால்?

அதே அட்டவணையில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டுமாம். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 800-ல் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 320 மணி நேரம். ஒருவர் இல்லாத நாட்களில் அதிலும் பாதி. சேர்த்து உட்கார வைத்து நடத்தினால் கொஞ்சம் கூடும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். தனியார் பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 800 மணி நேரமும் ஒரு மிஸ் எதிரில் நிற்கிறார். அப்புறம் ஐந்தாம் வகுப்பு முடிவில் இரண்டு பிள்ளைகளையும் ஒரே தராசில் வைத்து, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று தலைப்புச் செய்தி போடுகிறீர்கள்.

ஒரு நாள் தீர்மான நோட்டைக் கொடுக்கப் பதினொரு மணி வாக்கில் பள்ளிக்குப் போயிருந்தேன். டீச்சர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போய்விட்டார். இரண்டு அறை, இரண்டுக்கும் நடுவில் தாழ்வாரத்தில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். அங்கே நின்றால்தான் இரண்டு அறையும் தெரியும். கையில் போன். நான்கு, ஐந்துக்குக் கரும்பலகையில் வகுத்தல் கணக்கு போட்டுவிட்டு வந்திருக்கிறார், போனில் ஏதோ விவரம் ஏற்ற வேண்டும், சுற்றிச் சுற்றி வட்டம் போடுகிறது, சிக்னல் இல்லை, வேப்பமரத்தடிக்குப் போனால் இரண்டு கோடு வரும், ஆனால் மரத்தடிக்குப் போனால் இந்தப் பக்கத்து அறை தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று சேர்ந்திருக்கும் அறையில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையில் ஸ்கேலோடு "ப, பா, பி, பீ" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள், சின்னதுகள் அவளுக்கு அப்படிப் பயப்பட்டன. ஆனால் அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டிய வகுத்தல் கணக்கு பக்கத்து அறைக் கரும்பலகையில் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் பென்சில் சீவிச் சீவியே பாதிப் பென்சிலைத் தீர்த்திருந்தார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, "பார்த்துக்கங்கம்மா, இதுதான் நிலைமை" என்றார். அவர் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் அடிக்கப் போவார்கள்.

ஆசிரியர்கள் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்வதில்லை என்பது ஊருக்கு ஊர் டீக்கடையில் நடக்கும் பேச்சு. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் என் கடையில் ஒரு ஆளை உட்கார வைத்து ஐந்து மிஷினை மிதிக்கச் சொன்னால், அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் நான்கு மிஷின் சும்மாதான் நிற்கும். மிதிக்காத மிஷினைக் காட்டி அவளைச் சோம்பேறி என்று சொன்னால் என்ன நியாயம்?

இந்த இரண்டு பேரும் தினமும் இருந்தாலாவது பரவாயில்லை. பயிற்சி, கூட்டம், மதிப்பீட்டு வேலை, புத்தகம் எடுக்க, நோட்டு எடுக்க, யூனிஃபார்ம் எடுக்க, ஆதார் சரிபார்க்க, வங்கிக் கணக்கு தொடங்க. அதற்கு மேல் வாக்காளர் பட்டியல். 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய சிறப்பு தீவிர திருத்தம் டிசம்பர் பாதி வரை இழுத்தது உங்களுக்கே தெரியும், பக்கம் பக்கமாகச் செய்தி போட்டீர்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பெயரில் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவர்களில் அங்கன்வாடி ஊழியர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் நிறையப் பேர். எங்கள் டீச்சரும் அதில் ஒருவர். மதியம் வெயிலில் வந்து என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பள்ளி நடக்கும் நேரம் அது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது, ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இந்த மூன்றுக்கும் விதிவிலக்கு வைத்திருக்கிறது. வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நேரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. யார் கேட்கிறார்கள்? 2026-ல் சட்டமன்றத் தேர்தல், அதோடு 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான வீட்டுப் பட்டியல் வேலை. இருபது ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் போனால் சமாளிக்கலாம். இரண்டு பேர் இருக்கும் பள்ளியில் ஒருவர் போனால் பாதிப் பள்ளி போகிறது.

இப்போது ஆங்கில மோகத்துக்கு வருகிறேன். காலை ஏழே முக்காலுக்கு எங்கள் தெருவுக்கு மஞ்சள் வேன் வரும், எட்டுக்குள் இன்னொன்று. அதில் ஏறும் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் என்னிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள்தான், பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். ஏன்க்கா இவ்வளவு பணம் கட்டி அனுப்புறீங்க என்று கேட்டால் ஒருத்தியும் முதலில் இங்கிலீஷ் என்று சொல்வதில்லை. "அங்க கிளாஸுக்கு ஒரு மிஸ் இருக்காங்கல்ல" என்கிறாள். அதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த மிஸ் யார் தெரியுமா? எங்கள் பக்கத்துப் பெண்கள்தான், சிலர் பி.எட்., சிலர் வெறும் டிகிரி, சம்பளமோ வெளியில் சொல்ல வெட்கப்படும் அளவுக்குக் குறைவு. தகுதி, பயிற்சி, அனுபவம் எதை வைத்துப் பார்த்தாலும் எங்கள் தலைமையாசிரியர் கால் தூசுக்கு வரமாட்டார்கள். ஆனால் அவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பிள்ளை அழுதால் யார் என்று பார்க்கிறார்கள், டைரியில் ஒரு வரி எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்தையும் அரசு கொடுக்காமல் இல்லை. 2012-13 வாக்கிலேயே அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். எங்கள் பள்ளிச் சுவரில்கூட இங்கு தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு என்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் கூடினாரா என்றால் இல்லை. அதே அறை, அதே டீச்சர், ஒரு பிள்ளை கையில் தமிழில் சூழ்நிலையியல் புத்தகம், பக்கத்துப் பிள்ளை கையில் அதே பாடம் ஆங்கிலத்தில். காகிதத்தில் பார்த்தால் ஐந்து வகுப்பு பத்து வகுப்பாகிவிட்டது, ஆள் மட்டும் இரண்டு.

அதைவிடப் பெரிய ஓட்டை எல்.கே.ஜி. தனியார் பள்ளி மூன்றரை வயதில் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் பள்ளி ஐந்து வயதில்தான் வாசலைத் திறக்கிறது. இரண்டு வருடம் வேனில் போய்ப் பழகிய பிள்ளையை, சிநேகிதர்களை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார் என்று எந்த அம்மா சொல்வாள்? 2019 தொடக்கத்தில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கென்று புதிதாக ஆள் எடுக்காமல், தொடக்கப் பள்ளியில் உபரி என்று கணக்குக் காட்டிய இடைநிலை ஆசிரியர்களைத் தூக்கி அங்கே போட்டார்கள். 2022-ல் அதை மூடப்போகிறோம் என்றார்கள், சத்தம் எழுந்ததும் இல்லை நடத்துகிறோம் என்று தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தார்கள். எங்களைப் போல வெறும் தொடக்கப் பள்ளி மட்டும் இருக்கும் ஊர்களுக்கு அதுவும் வரவில்லை. இன்னொரு பக்கம், அதே கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி அதற்கான கட்டணத்தை அரசே கட்டுகிறது. என் தம்பி மகனும் அப்படித்தான் சேர்ந்தான், அவன் அப்பாவைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளையையும் அனுப்பி, கூடவே பணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டு, அரசுப் பள்ளியில் ஏன் ஆள் இல்லை என்று கேட்பது வேடிக்கைதான்.

ஆள் குறைந்தால் அடுத்து என்ன நடக்கும்? ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி தலை எண்ணி ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். 61 பிள்ளைகள் இருந்த பள்ளியில் ஒரு குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய் 59 ஆகிவிட்டால் மூன்றாவது ஆசிரியர் உபரி. பணிநிரவல் என்று வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று பேர் இருந்தது இரண்டானதும் அடுத்த ஜூனில் இன்னும் நான்கு வீடு வேனுக்கு மாறும். பள்ளி மானியமும் இதே கதைதான். 31 முதல் 100 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய், 30 அல்லது அதற்குக் கீழே போனால் 10,000. எங்கள் பள்ளியில் இப்போது 34. ஐந்தாம் வகுப்பு வெளியே போய், அதற்கு ஈடாக ஒன்றாம் வகுப்பில் சேராவிட்டால், சாக்பீஸும் துடைப்பமும் கழிவறைக்குப் பினாயிலும் வாங்கும் காசும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். கடைசியில் ஒருவரும் சேராத பள்ளி என்று பட்டியலில் வரும். 2025-ல் அப்படி ஒரு பிள்ளைகூடச் சேராத அரசுப் பள்ளிகள் 200-க்கும் மேல் என்று வந்தபோது, பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது, ஜனங்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்று விளக்கம் வந்தது. அதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த ஊர்களில் வேனும் நின்றுபோனதா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022-ல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் எங்கள் ஊரில் பெரிய உதவி. விடிகாலையில் நடவுக்குப் போகும் அம்மாக்களுக்கு அதன் அருமை தெரியும். சமைப்பது மகளிர் குழுவில் இருக்கும் எங்கள் ஆட்கள்தான், காலையில் பொங்கல் போடும் நாளில் என் மகன் வீட்டில் டீகூடக் குடிக்காமல் ஓடுவான். எண்ணும் எழுத்தும் திட்டமும் யோசித்துச் செய்ததுதான், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்றபடி பிரித்துச் சொல்லித்தருவது ஒன்றும் தவறான வழி கிடையாது. அதற்கு முன்னால் செயல்வழிக் கற்றல் என்று அட்டையும் ஏணிப்படியுமாக இருந்தது. பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பிக்க நல்ல முறைகள் இருக்கின்றன. ஆனால் அப்படிக் கற்பிப்பதற்கும் அறைக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டும். மூன்று நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மூன்று விதமாகச் சொல்லித்தர வேண்டிய டீச்சர் அரை நாள் பயிற்சியில் இருக்கிறார், எதற்கான பயிற்சி? மூன்று நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று.

ஊர்க்காரர்களும் செய்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள், சுவரில் ரயில் பெட்டி மாதிரி வரைந்தார்கள், ஒருவர் டிவி வாங்கிக் கொடுத்தார். காமராஜர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்தி ஊர் மக்களிடமிருந்தே பெஞ்சும் கரும்பலகையும் மணியும் வாங்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எல்லாம் தரலாம், ஆசிரியரை யார் தானமாகத் தருவது? அதையும் முயற்சி செய்தோம். பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சிப் படிப்பான டி.டி.எட். படித்த பெண்ணை ஊர்ப் பணத்தில் கொஞ்ச நாள் வைத்தோம். அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை பள்ளி பள்ளியாக இருந்தது. அரசே 2022-ல் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று போட்டது. காலியிடம் இருந்தால்தான் அதுவும். எங்களுக்குத்தான் காலியிடமே இல்லையே.

ஆள் எடுப்பதற்கு ஆட்கள் இல்லாமலும் இல்லை. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸ் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள், அரசாணை 149 என்று அதற்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வு வந்ததும் தெருவில் உட்கார்ந்தார்கள். பல ஆண்டுகள் இடைநிலை ஆசிரியர் நியமனமே இல்லாமல் கிடந்து, 2024-ல் தேர்வு வைத்து 2025-ல்தான் ஆட்கள் வந்தார்கள். வேலையில் இருப்பவர்களின் நிலைமையும் சரியில்லை. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 5,200 என்றும் அதற்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்திருந்தால் 8,370 என்றும் வைத்தார்கள், அந்த வித்தியாசத்துக்காக இன்றுவரை போராடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது 2025 செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் எல்லாம் இரண்டு ஆண்டுக்குள் டெட் பாஸ் செய்ய வேண்டும். எங்கள் டீச்சர் மதிய இடைவேளையில் கைடு வைத்துப் படிக்கிறார். தகுதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இருக்கும் ஒன்றரை ஆளிலும் அரை ஆளைப் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் கதி என்ன?

பணம் இல்லை என்பார்கள். மத்திய அரசு கல்விக்காகப் போட்ட கோத்தாரி குழு நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிடச் சொன்னது 1966-ல், 2020 கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத் திரும்பச் சொல்கிறது, இதுவரை ஒரு வருடம்கூட அந்த இடத்தைத் தொட்டதில்லை. அந்தக் கல்விக் கொள்கையையும் அதில் உள்ள மும்மொழித் திட்டத்தையும் ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று தமிழ்நாட்டுக்கு 2024-25-க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கை 2025-ல் அக்டோபர் வரை தள்ளிப்போனதும் இந்த இழுபறியால்தான். மும்மொழி வேண்டாம் என்பதில் நான் மாநில அரசின் பக்கம். அதற்காகப் பிள்ளைகளின் பணத்தைப் பிடித்துவைப்பது அநியாயம். ஆனால் இதையும் சொல்ல வேண்டும், அந்தப் பணம் முழுதாக வந்த ஆண்டுகளிலும் எங்கள் பள்ளியில் இரண்டு பேர்தான்.

இந்த இடத்தில் உங்கள் கட்டுரையாளர் ஒரு கேள்வி கேட்பார், நியாயமான கேள்விதான். 34 பிள்ளைக்கு ஐந்து ஆசிரியர் என்றால் ஓர் ஆளுக்கு ஏழு பிள்ளைதானே, வரிப்பணம் என்ன ஆவது? பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டால் 70 பிள்ளை, அட்டவணைப்படி மூன்று ஆசிரியர், ஒரு வண்டி விட்டால் போதுமே. நான் இதற்கு முழு எதிர்ப்பு இல்லை. சாலையைக் கடக்காமல், வண்டி ஒழுங்காக வரும் என்றால், ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு பள்ளிகளைச் சேர்க்கலாம். ஆனால் எங்கள் பக்கம் ஒரே ஊரில் ஊருக்கு ஒரு பள்ளி, காலனிக்கு ஒரு பள்ளி என்று ஏன் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கமாட்டோம். சேர்த்தால் யாருடைய பள்ளி மூடப்படும், யாருடைய பிள்ளை யாருடைய தெரு வழியாக நடந்து போக வேண்டும் என்பதை அலுவலகத்தில் வரைபடம் வைத்து முடிவு செய்ய முடியாது. சேர்க்கும் இடத்தில் சேர்க்கட்டும், பெற்றோரைக் கேட்டுவிட்டுச் சேர்க்கட்டும். சேர்க்க முடியாத இடத்தில் இரண்டு பேரை வைத்து ஒப்பேற்றுவதுதான் சிக்கனம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

நாங்கள் உடனே ஐந்து பேர் கேட்கவில்லை. எத்தனை பிள்ளை இருந்தாலும் தொடக்கப் பள்ளி என்றால் குறைந்தது மூன்று ஆசிரியர், அதில் தலைமையாசிரியர் இரண்டு வகுப்புக்கு மேல் பார்க்கக் கூடாது. 60 பிள்ளையை நெருங்கும் பள்ளிக்கு வகுப்புக்கு ஒருவர். ஒன்றியத்துக்கு நான்கைந்து பேரை மாற்று ஆசிரியர்களாகத் தனியே வைத்து, எங்கே ஒருவர் பயிற்சிக்கோ பிரசவ விடுப்புக்கோ தேர்தல் வேலைக்கோ போனாலும் மறுநாள் காலை அங்கே போய் நிற்கச் செய்ய வேண்டும். இதற்குச் சட்டம் தடையில்லை. அட்டவணையில் இருப்பது குறைந்தபட்ச எண்ணிக்கை, அதற்கு மேல் போடக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை, மாநில அரசு நாளைக்கே ஓர் அரசாணையில் செய்யலாம். அட்டவணையையே மாற்ற வேண்டும் என்றாலும் நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை, சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டால் முடிந்தது. ஆறாம் வகுப்புக்கு எழுதிய அந்த ஒரு வரியை ஒன்றாம் வகுப்புக்கும் எழுதினால் போதும். கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது எங்கள் தெரு அம்மாக்கள் கேட்கப்போவது இதைத்தான், பேசி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது ஆசிரியர் கேட்டு எங்கள் குழு போட்ட தீர்மானங்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் கொடுத்ததற்கு முத்திரை வைத்துத் தந்தார்கள், பதில் வரவில்லை. ஊர் பெயரை அச்சில் போட வேண்டாம், இருக்கும் இரண்டு பேருக்கும் தொந்தரவு வரும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் நிருபர்கள் இருக்கிறார்கள். சேர்க்கை இல்லாத பள்ளிகளின் பட்டியல் அடுத்து வரும்போது, பள்ளியின் பெயர், பிள்ளைகள் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் இருந்தார்கள், எத்தனை நாள் ஒருவரே இருந்து நடத்தினார் என்று இன்னும் இரண்டு கட்டம் சேர்த்துப் போடுங்கள். வருகைப் பதிவு எல்லாம் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் ஏறியிருக்கிறது, வேப்பமரத்தடியில் நின்று ஏற்றியதுதான், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். எங்கள் ஒன்றியத்துக்கு நானே மனு எழுதிக் கொடுக்கிறேன், மற்ற ஒன்றியங்களுக்கு உங்கள் நிருபர்கள் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
புதுக்கோட்டை மாவட்டம்.